மழைக்கு முன்னே வரும் குளிர்காற்று

ஜவ்வாது மலையில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர், கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கும் சித்திரை வெயில் உறைக்கத்தான் செய்யும். பிற்பகலில் முகடுகளின்மேல் கருமேகம் திரள்கிறது. ஒரு துளிகூட விழவில்லை. அதற்குள் ஜில்லென்று ஒரு காற்று வீசுகிறது. ஆகா, என்ன சுகம்! மழை வருமுன்பே காற்று குளிர்ந்தது எப்படி?

மேகம் வெயிலை மறைத்ததால் என்று சொல்வீர்கள். நிழலால் மட்டும் சில நிமிடங்களில் காற்றின் வெப்பநிலை பல டிகிரி குறைந்துவிடாது. மேலேயுள்ள குளிர்ந்த காற்று இறங்கியது என்றால், அங்கும் ஒரு சிக்கல் உண்டு. இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறும். 1 கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி!

விடை நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பானை நீர் குளிர்கிறது. வானத்திலும் இதுவே நடக்கிறது.

வெயிலில் காய்ந்த மலைச்சரிவுகள் தம்மை ஒட்டிய காற்றைச் சூடாக்குகின்றன. அது மேலேறிக் குளிர, அதிலுள்ள நீராவி மேகமாகிறது. மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி, கீழேயுள்ள வறண்ட காற்றில் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. 1 கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.1 கிலோகிராம், அதை 1 டிகிரி குளிர்விக்கச் சுமார் 1,100 ஜூல் வெப்பத்தை நீக்கவேண்டும். ஆக, ஒரே ஒரு கிராம் நீர் ஆவியானால் 1 கன மீட்டர் காற்று 2 டிகிரிக்குமேல் குளிர்ந்துவிடும்!

குளிர்ந்த காற்று கனமானது. எனவே வேகமாகக் கீழிறங்குகிறது. இறங்கும்போது சூடேறினாலும், துளிகள் தொடர்ந்து ஆவியாகி அச்சூட்டை ஈடுசெய்கின்றன. தரையில் மோதியதும், குடத்து நீரைத் தரையில் கொட்டியதுபோல் அக்காற்று நாலாபுறமும் பரவுகிறது; மழையை முந்திக்கொண்டு பல கிலோமீட்டர் ஓடுகிறது. மழையே பெறாத அடிவார ஊர்களிலும் இக்காற்று வீசுவதன் காரணம் இதுதான்.

சரி, அது இத்தனை இன்பம் தருவானேன்? நம் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. வெப்பநிலை மெல்லக் குறைவதைவிடத் திடீரெனக் குறையும்போது அவை வலுவாகத் துலங்குகின்றன. மேலும், உடல் சூடேறியிருந்தால்தான் குளிர்ச்சி இனிக்கும். அதே குளிர்ச்சி மார்கழியில் கசக்கும். உடலுக்கு அப்போது எது நன்மையோ அதுவே இன்பமாகத் தோன்றுகிறது என்று பிரெஞ்சு உடலியலாளர் மிஷேல் கபனாக் 1971-இல் விளக்கினார்.

ஆனால் மாணவர்களே, இந்த இன்பத்தில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. குளிர்காற்று வந்துவிட்டது என்றால் இடிமேகம் அருகில் இருக்கிறது என்று பொருள். மழை விழாத இடத்திலும் மின்னல் தாக்கலாம். மாடு மேய்க்கும் இடத்திலோ விளையாட்டுத் திடலிலோ இருந்தால், காற்று வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள், புளியமரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். அப்போதும் காற்றில் குளிர்ச்சி மிச்சம் இருக்கும்.