கனரகக் கட்டுமான எந்திரங்களில் மின் உணரிப் பழுதறிதல்

கனரகக் கட்டுமான எந்திரங்களில் மின் உணரிப் பழுதறிதல் என்பது அகழ்பொறி, புல்டோசர், சக்கர லோடர், பாரந்தூக்கி போன்ற எந்திரங்களில் உணரிகள் தரும் தவறான அல்லது விட்டுப்போன சைகைகளின் காரணத்தைக் கண்டறியும் பணி ஆகும். பணிமனைகளில் உணரி பெரும்பாலும் சென்சார் என்றே அழைக்கப்படுகிறது. எஞ்சின் எண்ணெய் அழுத்தம், குளிர்நீர் வெப்பநிலை, நீரியல் அழுத்தம், கிராங்க் தண்டின் வேகம், கையின் சாய்கோணம் முதலியவற்றை உணரிகள் மின்சைகையாக மாற்றி மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அனுப்புகின்றன. கட்டுப்பாட்டகம் அந்தச் சைகையை நம்பியே இயங்குகிறது. ஆகவே ஒரு சிறு இணைப்பு முள் துருப்பிடித்தாலும் எந்திரம் திறன் குறைந்து ஓடலாம். சில வேளைகளில் நின்றும் போகலாம்.

உணரி பழுதா, கம்பி பழுதா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உணரி உண்மையைத்தான் சொல்கிறதா? எண்ணெய் அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கும்போது உணரியின் மீது பழியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டால் பேரிங்குகள் உருகி, கிராங்க் தண்டு வரை சேதமடையும். எனவே எண்ணெய் அழுத்த எச்சரிக்கை வந்தால் எண்ணெயின் அளவைப் பார்த்து, முள் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி நேரடியாக அளப்பதே முதல் வேலை. இரண்டு அளவுகளும் ஒத்துப்போனால் அங்கு மின்பழுது எதுவும் இல்லை.

பிழைக் குறியீடுகள்

பல எந்திரங்கள் எஸ்.ஏ.ஈ. ஜே1939 என்னும் தரத்தைப் பின்பற்றிப் பிழைகளை இரண்டு எண்களால் காட்டுகின்றன. முதல் எண் எந்த அளவு என்பதைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக 100 என்பது எஞ்சின் எண்ணெய் அழுத்தம், 110 என்பது குளிர்நீர் வெப்பநிலை. இரண்டாம் எண் பழுதின் தன்மையைச் சொல்லும். 3 என்றால் மின்னழுத்தம் இயல்பைவிட மிகுதி, 4 என்றால் இயல்பைவிடக் குறைவு, 2 என்றால் சைகை ஒழுங்கற்றது, 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று திறந்துள்ளது.

குறியீடு ஒரு சுற்றைச் சுட்டுகிறதே தவிர ஓர் உதிரிப்பாகத்தைச் சுட்டுவதில்லை. "110, 3" என்பதைப் படித்ததும் புதிய வெப்பநிலை உணரி வாங்கி மாட்டுவதும், மறுநாளே அதே குறியீடு திரும்ப வருவதும் பணியிடங்களில் அடிக்கடி நடப்பவை. உணரியின் விலையைவிட எந்திரம் வேலையின்றி நிற்கும் நாளின் இழப்பு பெரிது.

கழற்றிப் பார்க்கும் சோதனை

வெப்பநிலை உணரிகளில் பெரும்பாலானவை இரு கம்பி கொண்ட வெப்பத்தடையங்கள். சூடு ஏறும்போது இவற்றின் மின்தடை குறையும். கட்டுப்பாட்டகம் தன்னுள் உள்ள ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் கொடுத்து, சைகைக் கம்பியில் எஞ்சும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கிறது. இந்த அமைப்பு புரிந்துவிட்டால் சோதனை மிக எளிது.

உணரியின் இணைப்பியைக் கழற்றினால் சைகைக் கம்பி 5 வோல்ட்டுக்கு ஏறும். குறியீடு 3 வர வேண்டும். கம்பிப் பக்கத்து இரு முட்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் மின்னழுத்தம் சுழிக்கு இறங்கும். குறியீடு 4 வர வேண்டும். முதலில் இருந்த குறியீடு 4 என்று கொள்வோம். கழற்றியதும் அது 3 ஆக மாறினால் கம்பியும் கட்டுப்பாட்டகமும் நலம். உணரிதான் உள்ளே குறுக்குச்சுற்று அடைந்துள்ளது. கழற்றிய பின்னும் 4 ஆகவே நீடித்தால் சைகைக் கம்பி எங்கோ உடற்சட்டத்தைத் தொடுகிறது, அல்லது அரிதாகக் கட்டுப்பாட்டகமே பழுது.

அழுத்த உணரிகள் பெரும்பாலும் மூன்று கம்பி கொண்டவை: 5 வோல்ட் வழங்கல், எர்த், சைகை. பல உணரிகளில் சைகை 0.5 முதல் 4.5 வோல்ட் வரை இருக்கும். அதற்கு வெளியே போனால் சுற்றில் பழுது என்று கட்டுப்பாட்டகம் எடுத்துக்கொள்ளும். இவற்றில் வழங்கல் கம்பியையும் எர்த்தையும் ஒருபோதும் இணைத்துவிடக் கூடாது. பல உணரிகள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்வதால், ஒன்று குறுக்குச்சுற்று அடைந்தாலே தொடர்பற்ற ஐந்தாறு குறியீடுகள் ஒருசேர வரும். அப்போது உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று பார்த்தால் போதும்.

கம்பிகளும் இணைப்பிகளும்

அதிர்வு, சேறு, நீர், வெப்பம் ஆகிய நான்கும் கம்பித்தொகுதியைத் தின்றுவிடும். லோடரின் நடு மூட்டு, அகழ்பொறிக் கையின் அடிப்பகுதி, உலோகப் பிடிப்பான் உரசும் இடங்கள் ஆகியவற்றை முதலில் பார்ப்பது நல்லது. நிறுத்தி வைத்த எந்திரங்களில் எலி கடித்த கம்பிகளும் உண்டு.

மல்டிமீட்டரின் ஓம் அளவை மட்டும் நம்புவது ஏமாற்றம் தரும். பல இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் கம்பியும் அதில் நல்ல கம்பியாகவே தெரியும். கம்பியின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, அதன் வழியாக ஒரு சிறு பல்பை எரியவைத்தால் குறை வெளிப்படும். பல்பு மங்கலாக எரியும். கட்டுப்பாட்டகம் இணைந்திருக்கையில் இச்சோதனையைச் செய்யக் கூடாது. கம்பியின் உறையில் ஊசி குத்தி அளப்பதும் தவறு. அந்தத் துளை வழியே நீர் புகுந்து சில மாதங்களில் செம்பு பச்சையாகிவிடும்.

பல கட்டுப்பாட்டகங்கள் ஒரே நேரத்தில் தொடர்பிழந்தால் உணரிகளை விட்டுவிட்டு அவற்றை இணைக்கும் கேன் தடத்தைச் சோதிக்க வேண்டும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் உள்ளன. பேட்டரியைத் துண்டித்து இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை மின்தடையின் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

பாதுகாப்பு

அழுத்த உணரியைக் கழற்றும் முன் கைகளையும் வாளியையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நீரியல் அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அது அவசர மருத்துவம் தேவைப்படும் காயம்.

பாரந்தூக்கிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. பாதுகாப்புச் சுமைகாட்டி, கையின் கோணம், நீளம், சுமை ஆகியவற்றை உணரிகளிலிருந்து பெற்றே கவிழும் எல்லையைக் கணக்கிடுகிறது. அலாரம் தொல்லையாக இருக்கிறது என்று உணரியைக் கம்பி போட்டுத் தாண்டிவிட்டால் அந்த எல்லையைக் காட்ட எதுவும் இருக்காது. கோண உணரியை மாற்றிய பின் குறியீடு மறைந்தது மட்டும் போதாது. தூக்கும் ஆரத்தை அளவுநாடாவால் அளந்து, எடை தெரிந்த ஒரு பாரத்தைத் தூக்கி, திரையில் தெரியும் எண்களோடு இரண்டையும் ஒப்பிட்ட பிறகே எந்திரம் வேலைக்கு விடப்படுகிறது.