மார்கழிப் பனி படத்தில் ஏன் சாம்பலாகிறது?

ஏலமலை அடிவாரத்திலுள்ள தேவாரம் ஊரின் தென்னந்தோப்பில் விடியற்காலையில் வெள்ளைவெளேரென நிற்கும் பனிமூட்டம், படத்தில் மட்டும் மங்கிய சாம்பலாகத் தெரியும். ஏன்?

எந்தக் காட்சியையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்றே கேமராவின் ஒளிமானி எடுத்துக்கொள்கிறது. வெண்மை மிகுந்தால் ஒளியைக் குறைத்துவிடும். வெளிச்ச அளவை +1 வரை கூட்டுங்கள், வெண்மை திரும்பும். செல்போனிலும் வெளிச்சத்தைக் கூட்டும் வசதி உண்டு.

பனிமூட்டம் எப்படி உருவாகிறது? மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த கனமான காற்று ஏலமலைச் சரிவில் வழிந்து அடிவாரத்தில் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம் சுமார் 0.01 மி.மீ. அளவுள்ள நுண்துளிகளாகிறது. இவை எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிப்பதால் மூட்டம் வெண்மை. தொலைவிலுள்ள மலை நீலமாகத் தெரிவது வேறு காரணத்தால்: காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியையே அதிகம் சிதறடிக்கின்றன.

எந்தப் பக்கம் நின்று எடுப்பது? மலை மேற்கே இருப்பதால், காலை வெயில் அதன்மேல் நேராக விழும். மலையைப் படமெடுக்க அதுவே நேரம். பனிக்கோ கிழக்கே திரும்புங்கள். துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே சிதறடிப்பதால், வெயிலுக்கு எதிரே பார்த்தால் மூட்டம் ஒளிரும். டீக்கடை ஆவியும், சிலந்தி வலையில் கோத்த பனித்துளியும் அப்படியே.

மலைமேலுள்ள போடிமெட்டின் குளிரிலிருந்து கீழே இறங்கியதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். அடிவாரத்து ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் நீராகப் படியும். மூடிய பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.