அரிதாக அழைப்பவருக்கே அதிகக் காத்திருப்பு

சித்ரா பௌர்ணமிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மலேசியாவில் கெடா மாநிலத்தின் மெர்போக் வட்டாரத்துக் கோயில் ஒன்று பால்குடப் பதிவை இணையத்தில் திறப்பதாக வைத்துக்கொள்வோம். சில மாலைகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைவார்கள். மற்ற மாதங்களில் எப்போதாவது ஒருவர் எட்டிப் பார்ப்பார். அதற்காக ஆண்டு முழுக்க ஒரு சர்வருக்கு வாடகை கட்டினால் நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாகாது.

சர்வர்லெஸ் முறை இத்தகைய தேவைக்கே பொருந்துகிறது. நிரலைச் சிறு சிறு வேலைகளாக எழுதி கிளவுட் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். இயந்திரங்களைப் பராமரிப்பது அவர்கள் பாடு. யாராவது பதிவுப் பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடும், அழைப்புகளுக்கும் ஓடிய நேரத்துக்கும் மட்டும் கட்டணம். அமேசான் 2014 நவம்பரில் லாம்டா சேவையை இப்படித்தான் அறிவித்தது. 2020 டிசம்பர் முதல் மில்லி விநாடிக் கணக்கில் வசூலிக்கிறது. மாதத்துக்கு முதல் பத்து லட்சம் அழைப்புகள் இலவசம். தமிழ்நாட்டில் வேர்விட்ட ஸோஹோவும் கேட்டலிஸ்ட் என்ற சர்வர்லெஸ் தளத்தை நடத்துகிறது.

ஆனால் ஓடாத நிரலை நிறுவனம் நினைவகத்திலிருந்து அகற்றிவிடும். அடுத்த அழைப்பு வரும்போது புதிய சூழலை உருவாக்கி, நிரலைக் கொண்டுவந்து, அதற்கான நூலகங்களை ஏற்றியாக வேண்டும். காலையில் ஆட்களைத் திரட்டும் பெரட்டு இல்லாத தோட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் வீடு தேடிப்போய் ஆளை எழுப்பி வருவது போன்றது இது. 'கோல்ட் ஸ்டார்ட்' எனப்படும் இந்தத் தாமதம்தான் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக மல்லுக்கட்ட வைக்கிறது. அமேசான் 2018இல் திறமூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர், சிறு மெய்நிகர் இயந்திரத்தைச் சுமார் 125 மில்லி விநாடியில் எழுப்பிவிடுகிறது. கனமான நூலகங்களை ஏற்றும் நேரம் அதற்கு மேல்.

இந்தத் தாமதம் யார் தலையில் விழுகிறது என்பதே என் கவலை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் அஷூர் தளத்தை ஆராய்ந்து 2020இல் எழுதினார்கள்: 45 விழுக்காடு செயலிகள் சராசரியாக மணிக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைவாகவோதான் அழைக்கப்படுகின்றன. பெரிய வங்கியின் நிரல் எப்போதும் விழித்திருக்கும். சிற்றூர்க் கோயிலின் நிரல்தான் தூங்கிப்போகும். அந்த ஆய்வு ஒரு வழியும் காட்டியது. ஒவ்வொரு செயலியும் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அழைக்கப்படுகிறது என்பதைக் கவனித்து, அழைப்பு வருமுன்பே அதைத் தயார்செய்து வைக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு திருவிழா என்றால் கணிக்கத் தளத்திடம் போதிய தரவு ஏது?

வேறு சிக்கல்களும் உண்டு. வேலை முடிந்ததும் நிரல் தன் நினைவை நம்பியிருக்க முடியாது. காக்க வேண்டியதை வெளிச் சேமிப்பகத்தில் எழுதி, ஒவ்வொரு முறையும் எடுத்துவர வேண்டும். லாம்டாவில் ஓர் அழைப்பு 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது. யாராவது வேண்டுமென்றே லட்சக்கணக்கில் பொய் அழைப்பு அனுப்பினால் கட்டணம் எகிறும். ஆகவே, ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்ற வரம்பை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அமேசானின் மலேசியத் தரவு மைய மண்டலம் 2024 ஆகஸ்டில் திறந்தது. தரவு இனி சிங்கப்பூர்வரை போய்வர வேண்டியதில்லை. தூரம் குறைந்தாலும் நிரலை எழுப்பும் நேரம் அதனால் குறையாது. இதை உள்ளூரிலேயே சோதிக்கலாம்: மெர்போக்கில் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தின் கெடா வளாகமும், அருகிலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் ஒருவர், மணிக்கு ஒரு முறை மட்டும் அழைக்கப்படும் நிரலை மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு மண்டலங்களிலும் நிறுவி, முதல் பதிலுக்கு எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளந்து பார்க்கலாம். இலவச அழைப்புகளே அதற்குப் போதும்.