ஆறு தந்திகள், வேறு வேறு கைகள்

கிட்டார் மேதைகளை ஒப்பிடும் பேச்சில், யார் வேகமாக வாசிப்பவர், யார் எல்லாரினும் பெரியவர் என்ற கேள்விகளே வழக்கமாக முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. ஒரே வகைக் கிட்டாரில், ஒரே சுருதியில், ஒரே சுரத்தை இரண்டு கலைஞர்கள் வாசித்தாலும், பழகிய செவி ஓரிரு நொடிகளில் அவர்களைப் பிரித்தறிந்துவிடுகிறதே, அது எப்படி? மேதைமை என்ற ஒரு சொல்லோடு இதற்கு விடை சொல்லி முடித்துவிடலாம் என்றாலும், அந்த மேதைமை எந்த வழியாகத் தந்திக்குள் இறங்கி ஒலியாக வெளிவருகிறது என்பதை இயற்பியலின் துணைகொண்டு பார்த்தால், ஒவ்வொரு பெருங்கலைஞரின் பாணியும் அதிரும் தந்தியின் இயல்புகளுள் ஏதோ ஒன்றைத் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்ததன் விளைவு என்பது தெளிவாகும்.

தந்தியின் அடிப்படை விதிகளைப் பிரெஞ்சு அறிஞர் மாரின் மெர்சென் 1636-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டார். ஒரு தந்தி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை, அதாவது அதன் அதிர்வெண்ணை, மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: தந்தியின் நீளம், அது இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் இழுவிசை, ஓரலகு நீளத்தில் அதற்குள்ள நிறை. வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறையும், மெல்லிய தந்தி ஏறத்தாழ 330 முறையும் அதிர்கின்றன. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதிந்துள்ள மெட்டுகளுள் ஒன்றின் அருகே இடக்கை விரல் தந்தியை அழுத்தும்போது அதிரும் நீளம் குறைந்து சுரம் உயர்கிறது. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போகையில் அதிர்வெண் 5.9 சதவீதம் கூடுகிறது; பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் நீளம் சரிபாதியாகி, சுரம் ஒரு ஸ்தாயி மேலே செல்கிறது. இதுவரை எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுவானது. பாணிகள் பிரியத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

மீட்டும் இடம்

தந்தி முழுமையாக அதிர்வதோடு, இரண்டு, மூன்று, நான்கு எனச் சம பகுதிகளாகப் பிரிந்தும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. இந்தப் பகுதி அதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு என்ற மதிப்புகளில் எழுப்பும் ஒலிகளே மேற்சுரங்கள். எந்த மேற்சுரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே ஒலியின் நிறத்தை, அதாவது ஒலித்தரத்தை முடிவு செய்கிறது. தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள், அதாவது அங்கே கணு உள்ளவை, எழும்புவதில்லை.

ஸ்பெயின் நாட்டின் ஆந்த்ரெஸ் செகோவியா (1893–1987) இந்த விதியைத் தம் வலக்கையில் வைத்திருந்தார். செவ்வியல் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். மெட்டுப்பலகை முடியும் பத்தொன்பதாம் மெட்டு, தந்தியைத் தாங்கி நிற்கும் குதிரையிலிருந்து சுமார் 21.7 சென்டிமீட்டரில், அதாவது மொத்த நீளத்தின் மூன்றில் ஒரு பங்கில் அமைந்திருக்கிறது. அங்கே மீட்டினால் மும்மடங்கு, ஆறு மடங்கு, ஒன்பது மடங்கு மேற்சுரங்கள் விலகி, ஒலி மென்மையாகவும் உருண்டையாகவும் வருகிறது. கையைக் குதிரைக்கு ஐந்து சென்டிமீட்டர் அருகே கொண்டுசென்றால், பன்னிரண்டு மடங்கு வரையிலான மேற்சுரங்களுள் ஒன்றுகூட முற்றாக விலகாமல், ஒலி கூர்மையாகவும் உலோகத்தன்மையோடும் ஒலிக்கிறது. செகோவியா ஒரே இசைத்தொடரை முதல்முறை ஓரிடத்திலும், மறுமுறை வேறிடத்திலும் மீட்டி, ஒற்றை வாத்தியத்திலிருந்து பல வாத்தியங்களின் குரலை வரவழைத்தார். சிற்றரங்குகளுக்கு உரியதாகக் கருதப்பட்ட கிட்டாரைப் பெரிய இசை அரங்குகளின் தனி வாத்தியமாக நிலைநிறுத்தியதில் இந்த நிறக்கலப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

விரலும் பிளெக்ட்ரமும்

எங்கே மீட்டுவது என்பதைப் போலவே, எதைக்கொண்டு மீட்டுவது என்பதும் ஒலியை மாற்றுகிறது. விரல்நுனியின் சதை அகலமானது, மென்மையானது. அது தந்தியை விடும்போது உயர்ந்த மேற்சுரங்கள் மழுங்கிவிடுகின்றன. பிளெக்ட்ரம் எனப்படும் மீட்டுதகட்டின் கடினமான குறுகிய முனையோ தந்தியில் கூரிய வளைவை உண்டாக்கி, அந்த மேற்சுரங்களை மிகுதியாக எழுப்புகிறது. ஒரு வாத்தியத்தின் ஒலிப்பதிவிலிருந்து ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் வெட்டி நீக்கிவிட்டால், அது எந்த வாத்தியம் என்று சொல்வதே கடினமாகிவிடுகிறது. செவி அடையாளத்தைப் பெரிதும் அந்தத் தொடக்கத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே மீட்டும் கணத்தின் சிறு வேறுபாடும் கேட்பவருக்குப் பெரிய வேறுபாடாகிறது.

இதை நேருக்கு நேர் கேட்க, 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கச்சேரியின் ஒலிப்பதிவைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஸ்பெயினின் ஃபிளமென்கோ கலைஞர் பாகோ தெ லூசியா, அமெரிக்காவின் அல் டி மியோலா, இங்கிலாந்தின் ஜான் மெக்லாஃப்லின் ஆகிய மூவரும் பங்கேற்ற அந்த நிகழ்ச்சி, 'ஃப்ரைடே நைட் இன் சான் பிரான்சிஸ்கோ' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதன் முதல் உருப்படியில் தெ லூசியாவின் ஒலி இடச் செவியிலும், டி மியோலாவின் ஒலி வலச் செவியிலும் கேட்கிறது. தெ லூசியாவின் கிட்டாரில் இருப்பவை நைலான் தந்திகள்; ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டி, ஒவ்வொரு முறையும் அடுத்த தந்தியின் மீது வந்து நிற்கின்றன. இப்படி மீட்டுகையில் தந்தி கிட்டாரின் முகப்பலகையை நோக்கி அழுத்தப்பட்டு விடுபடுவதால், அதன் ஆற்றல் பலகைக்கு விரைவாகக் கைமாறி, சுரம் ஓங்கி ஒலித்துச் சீக்கிரம் அடங்குகிறது. டி மியோலா பயன்படுத்துவது எஃகுத் தந்தியும் பிளெக்ட்ரமும். பல இடங்களில் அவர் வலது உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரையருகே தந்திகளின் மீது மெல்லப் படியவைத்து, மேற்சுரங்களைத் தணித்து, ஒவ்வொரு சுரத்தையும் குறுகிய தட்டொலியாக்குகிறார். இருவரின் வேகமும் ஏறத்தாழ நிகரானதே. கேட்பவரைப் பிரமிக்க வைக்கும் வேறுபாடு சுரம் பிறக்கும் விதத்திலும் மறையும் விதத்திலும் இருக்கிறது.

இழுவிசையின் இசை

மெட்டுகள் சுரங்களைப் படிக்கட்டுகளாக நிறுத்திவிடுகின்றன. மனிதக் குரலோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வது. ஒரே சுரத்தில் நிற்கும்போதும் பாடகரின் குரல் பொதுவாக நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை மெல்ல அசைகிறது. கிட்டாரைப் பாட வைக்க விரும்பியவர்களுக்குத் திறந்திருந்த முக்கிய வழி, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி இழுவிசையைக் கூட்டுவது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுரத்தை ஒரு முழுச்சுரம், அதாவது இரண்டு மெட்டு அளவு, உயர்த்த இழுவிசையை ஏறத்தாழ 26 சதவீதம் கூட்ட வேண்டும். உழைப்பைக் கோரும் இச்செயலை, அளவு பிசகாமல் ஒவ்வொரு முறையும் செய்வது விரலுக்கும் செவிக்கும் ஒருங்கே விடுக்கப்படும் சோதனை.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த புளூஸ் இசைக் கலைஞர் பி.பி. கிங் (1925–2015) இச்சோதனையில் தேர்ந்து விளங்கினார். தந்தியின் மீது உலோகக் குழாயையோ கண்ணாடிக் குழாயையோ நகர்த்தி வாசிக்கும் தம் உறவினர் புக்கா ஒயிட்டின் குழைவான ஒலியை வெறும் விரலால் எட்ட முயன்றதன் பயனாக, கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்திலிருந்து விடுவித்து, ஒற்றை விரலை அச்சாகக்கொண்டு மணிக்கட்டையே சுழற்றி அசைக்கும் முறையை அவர் உருவாக்கிக்கொண்டார். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை நாடாமல், பாட்டின் ஒரு வரிக்கு மறுமொழியாக ஒரு சில சுரங்களை மட்டும் வாசித்து, அவற்றுள் ஒன்றை அசைத்து நிறுத்தினார். அந்த ஒரு சுரமே அவரை அறிவிக்கப் போதுமானதாக இருந்தது.

இதே தேவையை மெக்லாஃப்லின் வேறு வழியில் தீர்த்தார். வீணையில் தந்தியை மெட்டின் மீதே இழுத்துக் கமகங்களை வெளிப்படுத்தும் முறையை, கர்நாடக இசை அறிஞர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றதன் வழியாக அவர் நேரடியாக அறிந்திருந்தார். வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை ஜாகிர் உசேன், கடம் வித்வான் விக்கு விநாயகராம் ஆகியோருடன் 1970-களில் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட தனிவகைக் கிட்டாரைப் பயன்படுத்தினார். விரல்நுனி மரத்தில் உராய்வது நின்றுபோவதால், தந்தியைத் தாராளமாக இழுக்க முடிகிறது. முதன்மைத் தந்திகளுக்குக் குறுக்கே, மீட்டாமலே ஒத்ததிர்வால் ஒலிக்கும் துணைத்தந்திகளும் அதில் இருந்தன. கிங் தம் கையை மாற்றினார். மெக்லாஃப்லின் வாத்தியத்தை மாற்றினார். இருவரும் நாடியது குரலின் குழைவையே.

காயம் வகுத்த வழிகள்

உடலின் குறையும் ஒரு பாணியின் தொடக்கமாகலாம் என்பதற்கு இரண்டு வாழ்க்கைகள் சான்று. பெல்ஜியத்தில் பிறந்த ஜாங்கோ ரைன்ஹார்ட் (1910–1953), 1928-இல் தாம் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பெரிதும் முடங்கிப்போக, தனிவாசிப்பை எஞ்சிய இரண்டு விரல்களைக்கொண்டே கட்டியெழுப்பினார். நான்கு விரல்களும் உள்ளவர் ஒரே நிலையில் கையை வைத்துச் சுரங்களைத் தொட முடியும். இரண்டு விரல்களுக்கு அந்த வசதி இல்லாததால், அவருடைய கை கழுத்தின் நீளவாக்கில் ஓடியது. ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு அரைச்சுரங்களை மூன்று மூன்றாகப் பிரித்து அடுக்கும் ஒரு வகைக் கார்டில், அதே விரலமைப்பை மூன்று மெட்டுகள் நகர்த்தினால் அதே சுரங்கள் வேறு வரிசையில் திரும்ப வரும். இந்தச் சமச்சீரை ரைன்ஹார்ட் விரைவான பாய்ச்சல்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெலியோடு அவர் பாரிஸில் தொடங்கிய குழு, முழுக்க முழுக்கத் தந்தி வாத்தியங்களாலேயே ஜாஸ் இசைக்க முடியும் என்று காட்டியது.

இங்கிலாந்தின் 'பிளாக் சபாத்' குழுவைச் சேர்ந்த டோனி ஐயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். பதினேழு வயதில் உலோகத் தொழிற்சாலை விபத்தில், தந்தியை அழுத்தும் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்து மனம் தளர்ந்திருந்த அவருக்கு ஊக்கமளித்தது ரைன்ஹார்டின் இசைத்தட்டு. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரல்நுனிகளுக்கு உறை செய்துகொண்ட அவர், மெல்லிய தந்திகளுக்கு மாறியதோடு, 1971-இல் வெளிவந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்தியும் வாசித்தார். அவ்வாறு தாழ்த்தினால் இழுவிசை ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்து, தந்தி விரலுக்கு இணங்குகிறது. கூடவே ஒலி தாழ்ந்து கனக்கிறது. ஹெவி மெட்டல் இசையின் அடையாளமாக இன்று அறியப்படும் அந்தக் கனமான நாதம் இப்படி வேரூன்றியது.

மின்சாரம் சேர்ந்தபோது

மின்கிட்டாரில் எஃகுத் தந்தி, காந்தத்தின் மீது சுற்றப்பட்ட கம்பிச்சுருளுக்கு மேலே அதிர்கிறது. மின்காந்தத் தூண்டலால் சுருளில் எழும் மெல்லிய மின்சாரத்தை, பெருக்கி என்ற கருவி வலுவாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. சியாட்டிலில் பிறந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் (1942–1970) இந்தச் சங்கிலி முழுவதையுமே வாத்தியமாக ஆக்கினார். பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. சுரமும் நெடுநேரம் நீடிக்கிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை காற்று வழியாகத் தந்தியைத் திரும்ப அசைத்து, அந்த அசைவு மீண்டும் பெருக்கப்பட்டு வரும்போது, இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் சுரம் அணையாமல் வளர்கிறது. இதுவே பின்னூட்டம். ஒலிபெருக்கிக்கும் கிட்டாருக்கும் இடையிலான தொலைவும் கோணமும் மாறினால் வேறு மேற்சுரம் மேலெழும் என்பதால், மேடையில் அவர் நின்ற இடமும் திரும்பிய திசையும்கூட வாசிப்பின் பகுதியாயின. 1969 ஆகஸ்ட் 18 அன்று உட்ஸ்டாக் விழாவில் அவர் வாசித்த அமெரிக்க தேசிய கீதம், பிறர் தவிர்க்க முயன்ற ஓசையைப் பொருள் பொதிந்த இசையாக மாற்றியது.

வலக்கைக்காரருக்கான கிட்டாரை ஹெண்ட்ரிக்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்ததிலும் ஓர் இயற்பியல் விளைவு உண்டு. அந்தக் கிட்டாரில் குதிரையருகே உள்ள காந்தச்சுருள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், வழக்கத்துக்கு மாறாகத் தடித்த தந்திகளின் அதிர்வு குதிரைக்கு நெருக்கமாகப் பதிவாகித் தெளிவும் கூர்மையும் பெற்றது. மெல்லிய தந்திகளின் ஒலி சற்று இதமாயிற்று. அடுத்த தலைமுறையின் எடி வான் ஹேலன், 1978-இல் வெளிவந்த 'எரப்ஷன்' வாசிப்பில், வலக்கை விரலாலும் மெட்டுகளின் மீது தட்டியே சுரம் எழுப்பினார். தட்டுவதால் எழும் சிறிய அதிர்வையும் முழுச் சுரமாக்கும் பெருக்கியின் வலிமையே அந்த உத்தியை அரங்கு நிறையக் கேட்க வைத்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இக்கலைஞர்களை ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்துவது பொருந்தாது என்பது விளங்கும். செகோவியா மீட்டும் இடத்தையும், தெ லூசியா சுரத்தின் தொடக்கத்தையும், கிங் இழுவிசையையும், ரைன்ஹார்ட் மெட்டுகளின் அமைப்பையும், ஹெண்ட்ரிக்ஸ் மின்சுற்றையும் ஆண்டார்கள். ஒருவர் துறையில் மற்றவரை நிறுத்தி மதிப்பிடுவது இருவருக்கும் செய்யும் அநீதி. இனி ஒரு கிட்டார் வாசிப்பைக் கேட்கும் வாசகர், நொடிக்கு எத்தனை சுரங்கள் என்று எண்ணுவதை விடுத்து, ஒரே ஒரு சுரத்தைத் தேர்ந்துகொண்டு, அது எப்படித் தொடங்குகிறது, நடுவில் எப்படி அசைகிறது, எப்படி முடிகிறது என்ற மூன்றையும் கவனிக்கட்டும். வாசிப்பவர் யார் என்பதை அந்த ஒரு சுரமே சொல்லிவிடும்.