'நீங்க போயிட்டு வாங்க... நான் செருப்பைப் பார்த்துக்கறேன்!' - அம்மாவையும் நடக்கவைத்த கோகர்ணம் கடற்கரைப் பயணம்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன போட்டோக்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். அப்பா இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், மாமா, சித்தி எல்லோரும் இருப்பார்கள். ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். அவர் சற்றுத் தள்ளி மணலில் துண்டை விரித்து, ஐந்து ஜோடிச் செருப்புக்கும் இரண்டு பைக்கும் காவலாக உட்கார்ந்திருப்பார்.

எங்கள் வீட்டில் அது அம்மா. வயது 54, வலது முழங்காலில் வலி. குற்றாலமோ, ஏற்காடோ, கொடைக்கானலோ... எங்கே போனாலும் நாலு படி ஏறவேண்டிய இடம் வந்தால், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். நாங்களும் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டதில்லை. 

அதனால்தான் அந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது. 'கோகர்ணம் பீச் டிரெக். கைடு உண்டு. உடல் தகுதிக்கு ஏற்ப மூன்று லெவல். குடும்பமாக வரலாம்.' அப்பா, அம்மா, தம்பி, நான் என நான்கு பேருக்கும் பெயர் கொடுத்தேன். வழக்கம்போல அம்மா, "நான் ரூம்ல இருக்கேன்" என்றார். "லெவல் ஒண்ணு மட்டும் வாம்மா, முடியலைன்னா ஆட்டோல திரும்பிடலாம்" என்று சொல்லித்தான் கிளப்பினோம்.

ஒரே விடுதி, வெவ்வேறு நடை

இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் கோல்ன் என்றொரு நெசவாலை நகரம். அங்கே பாதிரியாராக இருந்த டி.ஏ.லெனார்ட், 1891-ல் ஆலைத் தொழிலாளர்கள் சிலரைத் திரட்டி, ஏரிகளும் மலைகளும் நிறைந்த ஆம்பிள்சைடு பகுதிக்கு நடைப்பயண விடுமுறைக்கு அழைத்துப் போனார். அந்த முயற்சி வளர்ந்து, 1913-ல் 'ஹாலிடே ஃபெலோஷிப்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். கூட்டுறவு முறையில் இயங்கும் அந்த அமைப்பு, 'ஹெச்.எஃப் ஹாலிடேஸ்' என்ற பெயரில் இன்றும் கடலோரங்களிலும் மலைகளிலும் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறது. எல்லோரும் ஒரே விடுதியில் தங்குவார்கள். காலையில் சுலபமானது, நடுத்தரமானது, கடினமானது என்று பிரிந்து, குழுவுக்கொரு வழிகாட்டியோடு கிளம்புவார்கள். இரவு ஒரே மேஜையில் சாப்பாடு.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு வாகான இடம் கோகர்ணம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், அரபிக்கடலை ஒட்டி இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பதால், மகாபலேஸ்வரர் கோயில் நம்மவர்களுக்குப் புதிதல்ல. துளு நாட்டில் இருக்கும் ஒரே பாடல் பெற்ற தலம் இதுதான். கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் பலர், அதற்குத் தெற்கே வரிசையாக ஐந்து கடற்கரைகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. கோகர்ணம் மெயின் பீச், குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுநடுவே செம்புராங்கல் குன்றுகள் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குன்றின் மேல் ஏறி இறங்கினால் அடுத்த கரை.

மலையேற்றத்தில் பாதி வழியில் முடியாமல் போனால், வந்த தூரம் முழுக்க இறங்கியாக வேண்டும். இங்கே ஒவ்வொரு கரையும் ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி. குட்லேவிலும் ஓம் பீச்சிலும் ரோடு பக்கத்திலேயே இருப்பதால் ஆட்டோ கிடைக்கும். சீஸனில் கரைக்குக் கரை மோட்டார் படகும் ஓடுகிறது. ஆளுக்கேற்ற இடத்தில் 'இறங்கிக்கொள்ள' முடிவதால்தான் மூன்று லெவல் என்பது இங்கே நிஜமாகவே சாத்தியமாகிறது.

உங்கள் லெவல் எது?

லெவல் 1: மெயின் பீச்சில் ஈர மணலோரமாக நடை. விருப்பப்பட்டால் ராமர் கோயில் பக்கமாகப் படியேறி, குன்றைத் தாண்டிக் குட்லே வரை போகலாம். படி வேண்டாம் என்பவர்கள் ஆட்டோவில் குட்லே போய், அந்தப் பிறைவடிவக் கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்கலாம். தாத்தா, பாட்டி, சின்னக் குழந்தைகள், மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றது.

லெவல் 2: குட்லேவிலிருந்து குன்றேறி ஓம் பீச். மேலேயிருந்து பார்த்தால் 'ஓம்' என்ற எழுத்தைப் போலத் தெரியும் கரை இது. அதன் தென்கோடியில் தொடங்கும் ஒற்றையடிப் பாதையில் சுமார் அரை மணி நேரம் ஏறி இறங்கினால் ஹாஃப் மூன். அதற்கு ரோடு கிடையாது, நடந்தோ படகிலோதான் போகமுடியும். அங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகும் வழியில் பாறைகளின் மேல் கையை ஊன்றி ஏறவேண்டிய இடங்கள் உண்டு, ஒரு பக்கம் நேர் கீழே கடல். தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பவர்களுக்கு இது சரி. உயரம் என்றால் தலைசுற்றும் என்பவர்கள் ஹாஃப் மூனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

லெவல் 3: பாரடைஸோடு நிற்காமல் பேலேகான் வழியாகத் ததடி துறைமுகம். அங்கே அகநாசினி ஆற்றைப் படகில் கடந்து, மறுகரையில் நிர்வாணா பீச் வழியாகக் கும்டா திசையில் நடப்பார்கள். நாள் முழுக்க வெயிலில் நடந்து பழகியவர்களுக்கான பாதை. அணை எதுவும் கட்டப்படாமல் கடலுக்கு வரும் ஆறு அகநாசினி. அதன் கழிமுகம் 2024-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியும், கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் அதே சமயத்தில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பொய் சொன்ன படிவம்

பதிவு செய்தபோது ஒரு படிவம் அனுப்பினார்கள். நிற்காமல் எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? எத்தனை மாடி ஏறுவீர்கள்? மூட்டுவலி, பிரஷர், சர்க்கரை, இதயப் பிரச்னை உண்டா? 

அம்மா, 'பத்து நிமிஷம்தான் நடப்பேன்' என்று எழுதினார். காய்கறி மார்க்கெட்டுக்கு முக்கால் மணி நேரம் நடந்துபோய், இரண்டு கையிலும் பையோடு திரும்புவது அவர் கணக்கில் நடையாகவே வரவில்லை. அப்பா, 'ஒன்றரை மணி நேரம்' என்று எழுதினார். அவருடைய காலை வாக்கிங், தெருமுனை டீக்கடையோடு முடிந்துவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதையும் எழுதவில்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் எழுதினா சேர்த்துக்க மாட்டாங்க" என்றார். நானும் அப்படியே அனுப்பிவிட்டேன். தப்புதான்.

முதல் நாள் காலை ஆறரை மணிக்கு நடை தொடங்கியது. அம்மா லெவல் 1, நானும் அப்பாவும் லெவல் 2, தம்பி லெவல் 3. 

குட்லே தாண்டும்வரை அப்பா முன்னால் போனார். ஓம் பீச்சின் தளர்ந்த மணலில் பின்னுக்கு வந்தார். ஹாஃப் மூனுக்கு இறங்கும் சரளைப் பாதையில் இரண்டு முறை நின்று, 'வியூ நல்லா இருக்கு' என்றார். மூன்றாவது முறை எதுவும் சொல்லவில்லை, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது.

எங்கள் கைடு அந்த ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். அப்பாவை நிழலில் உட்காரவைத்து, ஓ.ஆர்.எஸ் கரைத்துக் கொடுத்தார். நெஞ்சு வலிக்கிறதா, கை வலிக்கிறதா என்று கேட்டார். பிறகு, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா சார்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். கைடு திட்டவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா, வேற மாதிரி கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றார், அவ்வளவுதான். மெல்லக் கீழே இறக்கி, படகை வரவழைத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி எங்களை ஓம் பீச்சுக்கு அனுப்பிவைத்தார். மற்றவர்கள் இன்னொரு கைடோடு பாரடைஸுக்குப் போனார்கள். படகில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மதியம் டாக்டரிடம் காட்டினோம். பெரிதாக ஒன்றுமில்லை, ஓய்வெடுத்தால் போதும் என்றார்.

சாயங்காலம்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மெயின் பீச்சோடு திரும்பியிருக்கவேண்டிய அம்மா, படியேறிக் குட்லே வரை போயிருந்தார். "அந்தத் தம்பி 'அம்மா, இன்னும் பத்து படி... அம்மா, இன்னும் பத்து படி'ன்னே கூட்டிட்டுப் போயிட்டான்" என்றார். கன்னடத்திலும் அம்மா அம்மாதானே!

அன்று இரவு எனக்கு உறைத்தது ஒன்றுதான். தன்னால் முடியாது என்று அம்மாவும், தன்னால் எல்லாம் முடியும் என்று அப்பாவும் ஆளுக்கொரு தப்புக் கணக்கு வைத்திருந்தார்கள். நாங்களும் இத்தனை வருடமாகச் சரிபார்க்காமல் அதை நம்பியிருக்கிறோம். 

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு டெஸ்ட்

லெவலைத் தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் வழக்கமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்துபாருங்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அந்த வேகம் உங்களுக்குச் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், ஒரு லெவல் கீழே இறங்கிவிடுங்கள்.

தார் ரோட்டு நடையை வைத்து மணல் நடையைக் கணக்குப் போடாதீர்கள். காய்ந்த, தளர்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், நடப்பது சுலபம். ஆனால் கரை சரிவாக இருந்தால் ஒரே காலுக்குப் பாரம் அதிகம் விழும். திரும்பி வரும்போது அதே ஓரமாக வந்தால், இரண்டு காலுக்கும் பாரம் பங்காகும்.

இதயப் பிரச்னை, பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே பெயர் கொடுங்கள். படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

பணம் கட்டும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

* எத்தனை கிலோமீட்டர் என்பதோடு எத்தனை மணி நேரம், எத்தனை ஏற்றம் என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் 'ஈஸிதான் சார்' என்று பதில் வந்தால் யோசியுங்கள்.
* ஒரு கைடுக்கு எத்தனை பேர்? முன்னால் ஒருவர் போனால் போதாது. கடைசி ஆளுக்குப் பின்னாலும் ஒருவர் வரவேண்டும்.
* ஒவ்வொரு லெவலிலும் பாதியில் திரும்ப வழி எங்கே? அங்கிருந்து வண்டியா, படகா?
* முதலுதவிப் பெட்டியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் உண்டா?
* படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா? 
* கரையில் கூடாரம் போடுவதாகச் சொன்னால், அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா?

கடலிடம் கேட்காமல் காலை வைக்காதீர்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடைக்கு நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் சீறும், பாறை வழுக்கும், அந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

நல்ல சீஸனிலும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் கிளம்பவேண்டும். இந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை காய்ந்து கிடந்த பாறையடிப் பாதையில் இன்று அதே நேரத்துக்கு அலை அடிக்கலாம். காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரும். தூரத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருவான புயலின் விளைவு அது. கேரளத்தில் அதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு மையம் உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் மொபைலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோகர்ணத்துக் கரைகளில் குளிக்க இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. செல்ஃபிக்காகப் பாறை நுனிக்குப் போகாதீர்கள். 'இங்கே இறங்காதே' என்று கைடோ உள்ளூர்க்காரரோ சொன்னால், அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

பையில் என்ன இருக்கவேண்டும்? ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ், தொப்பி, முழுக்கைச் சட்டை, தினசரி மாத்திரைகள், சர்க்கரை உள்ளவர்களுக்கு மிட்டாய். காலில் பிடிமானமுள்ள ஷூ அல்லது பின்வார் வைத்த சாண்டல். ரப்பர் செருப்பு செம்புராங்கல்லில் வழுக்கும்.

எப்படிப் போவது? பெங்களூரிலிருந்து ஓர் இரவு பஸ் பயணம். ரயில் என்றால் மங்களூர் போய், கொங்கன் பாதையில் 'கோகர்ண ரோடு' ஸ்டேஷன். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, கும்டா அல்லது அங்கோலாவில் இறங்கியும் போகலாம்.

மறுநாள் காலை...

தம்பியின் குழு திரும்பிவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் லெவல் 1 மட்டும். குட்லே பீச்சில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், அப்பா ஒரு நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார். "நீங்க போயிட்டு வாங்க. செருப்பை நான் பார்த்துக்கறேன்" என்றார். முதல் நாள் சங்கடம் இன்னும் போகவில்லை என்று தெரிந்தது.

அம்மா இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "அதையெல்லாம் யாரும் பார்த்துக்க வேணாம். மெதுவாத்தான் போகப்போறோம், எழுந்து வாங்க" என்றார்.

எடுத்த போட்டோவில் நால்வரும் இருக்கிறோம். படகுக்காரர் எடுத்துக்கொடுத்தது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. எல்லோர் செருப்பும் அவரவர் கையில்.