ஜடேஜா, ஒரு டிஃபென்ஸ் லைன்மேன், பெரியப்பாவின் புளியமரம்

போன நவம்பர் 15, சனிக்கிழமை காலை. அக்கா மகன் போன் பண்ணினான். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, வாசலைத் தாண்டி பாறைக்குப் போனால்தான் பேச்சு முழுசாகக் கேட்கும். பாறைக்குப் போவதற்குள் பாதி வாக்கியம் வந்துவிட்டது. "மாமா... தளபதியையே குடுத்துட்டாங்க மாமா."

சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிய செய்தி அது. 2012-லிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஆள். 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். பையன் அழாத குறை.

எனக்குச் சிரிப்பு வந்ததற்கு வேறு காரணம். பதினோரு நாள் முன்னாடிதான், டெக்சாஸில் இருக்கும் என் அலுவலக நண்பர் இதே குரலில் புலம்பியிருந்தார். நவம்பர் 4, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல்-லில் ஆட்டக்காரர்களைக் கைமாற்ற அந்த சீசனின் கடைசி நாள். அன்று டல்லாஸ் கவ்பாய்ஸ், நியூயார்க் ஜெட்ஸிடமிருந்து குவின்னன் வில்லியம்ஸை வாங்கியது. விலை: 2026-ன் இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக், 2027-ன் முதல் சுற்று பிக், கூடவே மாஸி ஸ்மித் என்ற ஆட்டக்காரர். ஒருவர் பழசைக் கொடுத்ததற்கு அழுகிறார், இன்னொருவர் இன்னும் பிறக்காததைக் கொடுத்ததற்கு அழுகிறார். இரண்டு பேரமும் ஒரே கணக்கில் அடங்குமா என்று பார்க்க உட்கார்ந்தேன். மூன்று மாசம் ஓடிவிட்டது.

முதலில் இந்த வில்லியம்ஸ் என்ன வேலை செய்கிறவர்? டிஃபென்ஸ் லைனின் நடுவில் நிற்பவர். எதிரணி பந்தை நகர்த்தும்போது அவர்களின் சுவரை நேருக்கு நேர் மோதி உடைப்பது வேலை. அவரை நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டால், அணியில் வேறு ஒருவர் தடுக்க ஆளில்லாமல் சுதந்திரமாக ஓடுவார். பெயர் அவருக்குப் போகும். நம்ம கபடியில் செயின் பிடித்து நிற்கும் கவர் ஆட்டக்காரர் ரைடரை உள்ளே தள்ள, கார்னரில் இருப்பவர் கணுக்காலைப் பிடித்து பாயிண்ட் வாங்குவார் இல்லையா, அது மாதிரி. ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால் இவர்களின் மதிப்பு தெரியாது. வில்லியம்ஸ் 2019 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர், பேரம் நடந்தபோது வயது 27, ஒப்பந்தம் 2027 வரை இருக்கிறது.

அடுத்து, பிக் என்றால் என்ன? என்எஃப்எல்-லில் ஏலம் கிடையாது. கல்லூரி முடித்து வரும் பையன்களை 32 அணிகளும் வருஷத்துக்கு ஒருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ஏழு சுற்று. கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. எடுக்கப்பட்ட பையனின் சம்பளம் கிட்டத்தட்ட முன்கூட்டியே நிர்ணயமானது, நான்கு வருஷத்துக்கு மலிவு. நல்ல ஆளாக அமைந்துவிட்டால் சந்தையில் அவருக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியைத்தான் அணி கொடுக்கிறது. மிச்சம் லாபம். அந்த வரிசை எண்தான் பிக். அதை விற்கலாம், வாங்கலாம், சேர்த்து வைக்கலாம். ஆள் யாரென்றே தெரியாது, அநேகமாக இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். ஆனாலும் அது பணம் மாதிரி கைமாறும்.

இதற்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இதே டல்லாஸ் அணி, ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது தயாரித்தது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, 16-வது பிக்குக்கு 1000, 48-வது பிக்குக்கு 420. பிறகு எல்லா அணிகளும் இதையோ இதன் பேரன்களையோ வைத்துத்தான் பேரம் பேசின.

அதோடு ஒட்டி ஒரு வாய்மொழி விதி: அடுத்த வருஷத்து பிக்கை ஒரு சுற்று கீழே இறக்கி எடை போடு. அதாவது அடுத்த வருஷத்து முதல் சுற்று பிக், இந்த வருஷத்து இரண்டாம் சுற்று பிக்குக்குச் சமம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன், கால்குலேட்டரைத் தட்டாமல் இருந்திருந்தால். முதல் சுற்றின் நடு பிக் 1000. இரண்டாம் சுற்றின் நடு பிக் 420. இன்றைக்கு 420 வாங்கிக்கொண்டு, ஒரு வருஷம் கழித்து 1000 திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கிறீர்கள். வட்டி 138 சதவீதம்! கந்துவட்டிக்காரரே கூசும் விகிதம். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் (2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) இருவரும் உண்மையாக நடந்த டிராஃப்ட் பேரங்களை எடுத்துக் கணக்கிட்டபோதும் வட்டி நூறு சதவீதத்துக்கு மேலேதான் வந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பாவின் புளியமரம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷம் முன்னாடி அவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. நாலு புளியமரத்தை மூணு அறுப்புக்குக் குத்தகைக்கு விட்டு 15,000 ரூபாய் வாங்கினார். எங்கள் மலையில் இது சாதாரணம். மரம் பூக்கும் முன்னாடியே கீழே இருந்து வியாபாரி வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார், காய்ப்பு அவருடையது. உலுக்குகிற கூலியெல்லாம் போக அந்த நாலு மரமும் வருஷம் 12,000 தரும் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அறுப்பும் ஒரு வருஷ இடைவெளியில் வருவதாகப் போட்டால் வட்டி சுமார் 60 சதவீதம். "ஏம்பா, அவ்ளோவா?" என்றார் பெரியப்பா. பிறகு, "அன்னைக்கு ராத்திரி யாரு குடுப்பா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கையில் காசில்லாத மனுஷனுக்கு இன்றைய ரூபாய் நாளைய ரூபாயைவிடப் பல மடங்கு பெரிசு. அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் டல்லாஸுக்கு என்ன ஆஸ்பத்திரிச் செலவு?

அன்றைக்கு அவர்கள் நிலை மூன்று வெற்றி, ஐந்து தோல்வி, ஒரு டை. சீசன் பாதி போய்விட்டது. பொதுவாக இந்த இடத்தில் இருக்கும் அணி, ஆளை விற்று பிக் வாங்கும். இவர்கள் பிக் கொடுத்து ஆளை வாங்கினார்கள். இந்த ஊருக்கே தெரிந்த பாடம் அது: 1989 அக்டோபரில், அதுவும் நடு சீசனில், டல்லாஸ் தன் நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து கை நிறைய பிக் வாங்கியது. அதில் ஒன்றைக் கைமாற்றித்தான் எமிட் ஸ்மித்தைப் பிடித்தார்கள். 1992, 93, 95 சீசன்களில் மூன்று சாம்பியன் பட்டம். அதோடு சரி, முப்பது வருஷமாகப் பட்டம் இல்லை. அணியின் முதலாளி ஜெரி ஜோன்ஸ்தான் பொது மேலாளரும். பேரம் நடந்தபோது அவருக்கு வயது 83. வேலை போகும் பயம் இல்லாத மேலாளர் அவர், ஆனாலும் நாளைக்குக் காத்திருக்க அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? சந்தை வட்டியைவிட இதுதான் அந்த விலையை எனக்கு விளக்குகிறது.

வாய்மொழி விதிப்படி பார்த்தால் 2027-ன் முதல் சுற்று பிக் ஒரு இரண்டாம் சுற்று பிக்காகச் சுருங்கிவிடும். ஆக வில்லியம்ஸின் விலை "ரெண்டு ரெண்டாம் சுற்று", மலிவுதான். பசியில்லாதவன் கண்ணில் பார்த்தால் ஒரு முழு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று. நான் இரண்டாவது கட்சி. 2026 பிக்கைக் கொடுத்திருப்பேன், 2027-ஐத் தொட்டிருக்க மாட்டேன். டல்லாஸ் சீசனை 7-9-1 என்று முடித்தது, பிளே ஆஃப் இல்லை.

இதை எழுதிவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சியாட்டில் ஞாபகம் வந்தது. 2023 அக்டோபரில் சியாட்டில் சீஹாக்ஸ் இதே மாதிரி நடு சீசனில், இதே லைனுக்கு, லியோனார்ட் வில்லியம்ஸை ஒரு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்று பிக் கொடுத்து வாங்கியது. அந்த சீசனில் அவர்களும் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. வீண் பேரம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த வருஷம் அவரையே மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டார்கள். இந்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்த அணியின் முன்வரிசையில் அவர் நின்றார். ஆகவே 7-9-1 என் வாதத்துக்குச் சாட்சி ஆகாது. குவின்னன் வில்லியம்ஸுக்கு இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருக்கிறது. விலை அதிகம் என்ற என் கட்சியை மாற்றவில்லை, முடிவை வைத்து அதை நிரூபிக்கப் பார்த்ததை மட்டும் அடித்துவிட்டேன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

ஐபிஎல்-லில் ஏன் இப்படி நடு சீசன் பேரம் நடப்பதில்லை? விதி இல்லாமல் இல்லை. 2018-ல் நடு சீசன் மாற்றத்துக்கு ஒரு வழி திறந்தார்கள், இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாதவர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று. பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம்: கொடுக்க நாணயம் இல்லை. பத்தாம் இடத்தில் இருக்கும் அணி தன் நல்ல ஆளை எதற்காக விற்கும்? டிராஃப்ட் கிடையாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து ஒரு சிலரைத் தவிர எல்லோரையும் கலைத்துவிடும். எதிர்காலத்தைத் துண்டு போட்டு விற்க இங்கே சீட்டே அச்சடிக்கவில்லை. அதனால் பேரமெல்லாம் சீசன் முடிந்த பிறகு, ஏலத்துக்கு முன்னாடி. நாணயம் என்று ஒன்று உண்டென்றால் அது ஏலப் பையில் மிஞ்சும் பணம்.

அதை வைத்து ஜடேஜா பேரத்தை எடை போடலாம். ஜடேஜா 18 கோடி, கரன் 2.4 கோடி. சாம்சன் 18 கோடி. சென்னை 20.4 கோடிச் சம்பளத்தை இறக்கிவிட்டு 18 கோடியை ஏற்றிக்கொண்டது. பையில் 2.4 கோடி மிச்சம். அப்படியென்றால் ராஜஸ்தானுக்கு 2.4 கோடி நஷ்டம் இருக்க வேண்டும், இல்லையா? இல்லை. ஜடேஜாவின் சம்பளம் இந்தப் பேரத்தில் 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. ராஜஸ்தான் 18-ஐ இறக்கி, 14-ஐயும் 2.4-ஐயும் ஏற்றியது. அவர்களுக்கும் 1.6 கோடி மிச்சம். இரண்டு அணிக்கும் லாபம்! 2.4-ஐயும் 1.6-ஐயும் கூட்டுங்கள். 4 கோடி. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்தது எவ்வளவோ, அதே 4 கோடி. "தளபதியைக் குடுத்துட்டாங்க" என்று அக்கா மகன் சொன்னதைவிட, "தளபதி குடுத்தார்" என்பதுதான் கணக்குப்படி சரி. 2008-ல் முதல் கோப்பையை ஜெயித்த தன் பழைய அணிக்கு அவர் சம்மதித்தே போனார். ஐபிஎல்-லில் ஆட்டக்காரர் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது.

வயதையும் பார்க்க வேண்டும். பேரத்தின்போது சாம்சனுக்கு 31, ஜடேஜாவுக்கு 37-ஐத் தொட இன்னும் மூன்று வாரம். ஆறு வருஷம் இளையவர் வருகிறார், தோனிக்கு 44 வயதாகும் அணிக்கு ஒரு விக்கெட் கீப்பர் வருகிறார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் கடைசி மெகா ஏலம் 2025 சீசனுக்கு முன்பு நடந்தது. அந்த மூன்று வருஷச் சுற்றில் மிச்சம் இரண்டு சீசன்தான். ஆறு வருஷ இளமையில் சென்னை உறுதியாக வாங்கியது இரண்டு வருஷம். மீதி, அடுத்த ஏலத்தில் தக்கவைக்க உரிமை கிடைத்தால்.

டிசம்பர் 16, அபுதாபி ஏலத்தில்தான் எனக்கு உண்மையான விலை தெரிந்தது. சென்னை 43.4 கோடியோடு உட்கார்ந்து, இந்தியாவுக்கு இன்னும் ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது. ஒருவர் ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மா, வயது 19. இன்னொருவர் உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. வீர் இடதுகைச் சுழற்பந்து போடுவார், இடதுகையில் மட்டை பிடிப்பார். வேறு யார் அப்படி இருந்தார்? ராஜஸ்தான் இப்போது ஜடேஜாவுக்குக் கொடுப்பது 14 கோடி. ஜடேஜாவின் இடத்தில் நிற்க வாய்ப்புள்ள ஒரு பையனுக்கு சென்னை கொடுப்பது 14.2 கோடி.

இதைத்தான் சென்னையின் டிராஃப்ட் பிக் என்று நான் வாசிக்கிறேன். போன சீசனில் முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்த அணி, நாளையை வாங்குகிறது. திசை சரி, டல்லாஸ் செய்ததற்கு நேர் எதிர். விலைதான் இடிக்கிறது. என்எஃப்எல் பையன் மலிவாக வருவதால்தான் அவன்மேல் பந்தயம் கட்டலாம், பத்தில் பாதி பொய்த்தாலும் தாங்கும். 14.2 கோடிக்கு வரும் பையன் மலிவில்லை. அவன் ஜடேஜாவாகவே ஆனாலும் விலை சமன்தான், லாபம் இல்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ சாம்சன் நல்லா ஆடினா?" என்றான். ஆடினாலும் பேரம் ஜடேஜாவுக்கு சாம்சன் இல்லைடா, ஜடேஜாவும் கரனும் ஒரு பக்கம், சாம்சனும் 2.4 கோடியும் வீரும் ஒரு பக்கம் என்றேன். "நீங்க எப்பவும் இப்படித்தான் மாமா" என்று வைத்துவிட்டான்.

இந்த அறுப்போடு பெரியப்பாவின் குத்தகை முடிகிறது. வியாபாரி போன வாரம் வந்து அடுத்த மூணு வருஷத்துக்கு 18,000 சொல்லியிருக்கிறார். இந்த முறை ஆஸ்பத்திரி இல்லை. பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.