முள் முனையில் பிழைப்பு

கடற்கரையில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தால் நமக்கெல்லாம் என்ன தோன்றும்? "ஆஹா, இவரல்லவா பாக்கியசாலி! ஆபீஸ் இல்லை, மேலதிகாரி இல்லை, ஃபைல் இல்லை. மீன் வந்தால் சரி. வராவிட்டால் அதுவும் சரி. உலகத்திலேயே வேலை இல்லாத மனிதர் இவர்தான்!" என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் அந்தப் பெரியவரைச் சந்திக்கும் வரையில்.

மாலை நான்கு மணி இருக்கும். கரையில் ஏற்றியிருந்த வள்ளம் ஒன்றின் நிழலில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா; அதன் இரு பக்கத்திலும் இரண்டு சிரட்டைகள். டப்பாவிலிருந்து தூண்டில் முள்ளை ஒவ்வொன்றாக எடுப்பார். இடது கைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெதுவாக ஓர் இழுப்பு இழுப்பார். சிலவற்றை வலது சிரட்டையிலும் சிலவற்றை இடது சிரட்டையிலும் போடுவார்.

"என்ன ஐயா, முள்ளை எண்ணுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"எண்ணலை தம்பி, விசாரிக்கிறேன்" என்றார், தலை நிமிராமலே.

"விசாரணையா?"

"ஆமா. ராத்திரி என்னோட கடலுக்கு வர யோக்கியதை உள்ளவன் யாரு, கரையிலே கிடக்க வேண்டியவன் யாருன்னு விசாரணை. முள்ளு வாயைத் திறந்து சொல்லாது. நகத்துக்கிட்டே மட்டும் சொல்லும்."

நானும் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நகம் சொல்லும் தீர்ப்பு

இரண்டு சிரட்டையிலிருந்தும் ஒவ்வொரு முள்ளை எடுத்து என் கையில் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரே பளபளப்பு, ஒரே வளைவு.

"கண்ணாலே பார்த்தா ஆயுசுக்கும் தெரியாது. நகத்திலே வச்சு இழுங்க. அழுத்தாதீங்க. அழுத்தினா மொண்ணை முள்ளுகூடப் பொய்ச் சாட்சி சொல்லிடும்."

முதல் முள்ளை நகத்தில் வைத்து இழுத்தேன். கண்ணாடித் தரையில் சோப்பு வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது முள் ஓர் இம்மியும் நகரவில்லை. வைத்த இடத்திலேயே 'கிச்'சென்று பற்றிக்கொண்டு, நகத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்றைப் போட்டது.

"வழுக்கினவன் கரையிலே, பிடிச்சவன் கடல்லே. அவ்வளவுதான் சட்டம்" என்றார் பெரியவர்.

இந்தப் பரீட்சை திரேஸ்புரத்துக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. உலகம் முழுவதும் தூண்டில்காரர்கள் இதே நகப் பரீட்சையைத்தான் செய்கிறார்கள். இத்தனைக்கும் இதற்கு ஒரு காசு செலவில்லை!

அப்படி என்ன அவசியம்? காரணம் மிகவும் எளிது. தூத்துக்குடிக்காரர்கள் களவாவும் விளைமீனும் பிடிப்பது பெரும்பாலும் 'பார்' என்று அவர்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளின்மேல். களவாவின் வாய் எலும்பும் தடித்த தோலுமாக இருக்கும். முப்பது பாகம் ஆழத்தில் மீன் இரையைக் கவ்வுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய 6 அடி. மேலே வள்ளத்திலிருந்து இவர் இழுக்கும் வேகம் அப்படியே கீழே போய்ச் சேர்வதில்லை. தங்கூஸ் நரம்பு ரப்பரைப் போலக் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். இழுப்பில் ஒரு பங்கை நடு வழியிலேயே அது விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் சொற்ப பலத்தைக் கொண்டு முள் இறங்க வேண்டும். முனை ஊசியாக இருந்தால் அந்தப் பலம் முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து, முள் 'சரக்'கென்று இறங்கும். முனை சற்றே மழுங்கியிருந்தாலும் பலம் பரவிவிடும். முள் தோலில் உராய்ந்துகொண்டு வெளியே வந்துவிடும். வீட்டில் சாக்குத் தைக்கிற சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முனை போன ஊசியோடு மல்லாடியவர்களுக்குத் தெரியும்!

ஆயுள் கைதி

டப்பாவின் ஓரத்தில் ஒரு சிறு காகிதப் பொட்டலம் இருந்தது. "அது என்ன ஐயா?" என்றேன்.

"அவன் ஆயுள் கைதி" என்று பிரித்துக் காட்டினார். துருவேறிப் பழுப்பு நிறமாகிவிட்ட பெரிய முள் ஒன்று. முனையைக் கூர்ந்து பார்த்தேன். கடுகில் பாதி அளவுக்கு உள்பக்கமாக மடங்கியிருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை.

"எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மூத்த பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிச் செலவுக்காக வீட்டுக்காரி கம்மலை வட்டிக் கடையிலே வச்சிருந்தோம். கெடு முடிய ரெண்டே நாள் பாக்கி. அன்னைக்கு ராத்திரி பார்லே நங்கூரம் போட்டோம். தூண்டில் ஒரு தரம் பாறையிலே மாட்டிச்சு. உதறினேன், வந்திட்டுது. இரையை மட்டும் புதுசாக் குத்தி மறுபடி விட்டேன். முள்ளைப் பார்க்கலை. அசதி தம்பி, அசதி! ஒரு நகத்துலே இழுக்கிற நேரம்!"

சற்று நிறுத்தினார்.

"கொஞ்ச நேரத்திலே பிடிச்சுது ஒரு களவா. கையை அறுத்துக்கிட்டு நரம்பு ஓடுது. அப்படி ஒரு மீன் அந்த வருஷம் எனக்கு மாட்டினதில்லை. பத்துப் பாகம் மேலே கொண்டு வந்திட்டேன். கம்மலே கைக்கு வந்த மாதிரி இருந்தது. திடீர்னு நரம்பு லேசாயிட்டுது. மேலே இழுத்து அரிக்கன் விளக்கிலே பார்த்தா, நரம்பு அறுந்துபோகலை, முள்ளும் நிமிரலை. இந்த முனை மட்டும்தான் இப்படி!"

அந்தச் சமயத்தில் அவர் மனைவி தூக்குச் சட்டியில் காப்பி கொண்டுவந்தார். கதை காதில் விழுந்திருக்க வேண்டும். புன்சிரிப்போடு சொன்னார்: "கம்மல் ஏலத்திலே போயிட்டுது தம்பி. அதுக்கு நான் அழலை. மீன் பெலமா இருந்துது, நரம்பு சரியில்லைன்னு எதையாவது சொல்லியிருக்கலாம். 'நான்தான் முள்ளைப் பார்க்காமே விட்டுட்டேன்'னு வந்து நின்னாரு பாருங்க, அப்பத்தான் அழுகை வந்திட்டுது."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பொட்டலத்தை மடித்து டப்பாவில், எல்லா முள்ளுக்கும் மேலாக வைத்தார். "டப்பாவைத் திறந்ததும் முதல்லே இவன் முகத்திலேதான் முழிக்கணும்" என்றார்.

திருவள்ளுவர் சூதாட்டத்தைக் கண்டிக்கும்போது, சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் தூண்டில் முள்ளை விழுங்கியது போன்றது என்று உவமை சொன்னார். மீனுக்குத்தான் அது சூது என்று நினைத்திருந்தேன். முள் மழுங்கியிருந்தால் மீனவனுக்கும் சூதுதான் போலிருக்கிறது!

முள்ளின் பூர்வோத்தரம்

இந்தச் சின்னஞ்சிறு சாமானின் சரித்திரம் மிகப் பெரியது. ஜப்பானைச் சேர்ந்த ஒக்கினாவா தீவில், சக்கிதாரி என்ற குகையில், கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 23,000 வருஷம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் அறிவித்தார்கள். ஆக, மனிதன் நெல் விதைக்கக் கற்றுக்கொள்வதற்கு வெகு காலம் முன்பே முள்ளைக் கூராக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்!

இன்னொரு வேடிக்கை, தூண்டில் முள்ளும் தையல் ஊசியும் உடன்பிறப்புகள். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் கலைப் புத்தகம் ஒன்று, ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்து முள் செய்யும் முறையை விவரிக்கிறது. அந்நாட்டில் ஊசிக்குப் பெயர்போன ரெட்டிச் என்ற ஊரே தூண்டில் முள்ளுக்கும் பெயர்போனதாக இருந்தது. நார்வே நாட்டு முஸ்டாட் கம்பெனியார் 1877-ல் இயந்திரத்தில் முள் செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் சரக்கு நம் கடற்கரைகளுக்கும் வந்து சேர்ந்தது.

முள் வாங்கும் புதியவர்களைத் திணற அடிக்கும் சமாசாரம் ஒன்று உண்டு. நம்பர் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 10-ஆம் நம்பரைவிட 4-ஆம் நம்பர் பெரிது. அதைவிட 1 பெரிது. அதற்கும் மேலே பெரிய முட்களுக்கு 1/0, 2/0 என்று பூஜ்யம் சேர்த்துக் கணக்கு. அங்கே மட்டும் நம்பர் ஏறினால் முள்ளும் பெருக்கும்!

கூர் ஏற்றும் வித்தை

இடது சிரட்டையில் சேர்ந்த மொண்ணை முட்களுக்குச் சிகிச்சை ஆரம்பமாயிற்று. கருவி ஒன்றே ஒன்று: பொடிப் பல்லுள்ள சிறிய அரம். முள்ளின் தண்டைக் குறட்டால் இறுகப் பிடித்துக்கொண்டார். வளைவுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் அரத்தை ஓட்டினார். முன்னும் பின்னுமாகத் தேய்க்கவில்லை. ஒரு பக்கம் மூன்று இழுப்பு, மறு பக்கம் மூன்று, வெளிப்புற முதுகில் இரண்டு. இப்படி மூன்று பட்டை விழுந்தால் முனை முக்கோணமாகி, ஓரங்கள் கத்தியைப் போல் வெட்டிக்கொண்டு இறங்குமாம். கடைசியாக, ஒட்டியிருக்கும் பிசிறு போக மென்மையாக ஒரு தடவல். பிறகு மீண்டும் நகத்தின் முன்னால் விசாரணை.

"கொடுங்கள், நானும் பார்க்கிறேன்" என்று வாங்கினேன். உற்சாகத்தில் இருபது இழுப்பு இழுத்துவிட்டேன். முனை தலைமுடி மாதிரி ஆகிவிட்டது. பெருமையோடு நீட்டினேன். பெரியவர் அதை வள்ளத்தின் பலகையில் லேசாக ஊன்றினார். முனை மடங்கிப் போயிற்று!

"கூரு வேணும் தம்பி. அந்தக் கூரைத் தாங்க உடம்பும் வேணும்" என்றார்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சீக்கிரம் முடியட்டும் என்று மின்சாரச் சாணையில் முள்ளைக் காட்டக் கூடாது. சூடு ஏறினால் உருக்கின் பதம் போய்விடும். பெரிய மீன் இழுத்தால் முள் நிமிர்ந்துவிடும். இரண்டாவது, இக்காலத்தில் அமிலத் திராவகத்தில் முக்கி, இரசாயன முறையில் கூராக்கிய முட்கள் வருகின்றன. அவை பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மிகக் கூர்மையாக இருக்கும். மழுங்கினால் அரத்தால் அந்தக் கூரைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். மாற்றிவிடுவதே உத்தமம்.

உப்பு என்னும் சத்துரு

பாறையும் எலும்பும் முள்ளை மழுக்குவது வேலை நேரத்தில். உப்பு மழுக்குவது ஓய்வு நேரத்தில். தகரமோ நிக்கலோ பூசிய பூச்சுத்தான் முள்ளுக்குச் சட்டை. அரம் போட்ட இடத்தில் சட்டை கிழிந்து உருக்கு வெளியே தெரியும். உப்பு நீர் பட்டால் துரு முதலில் பிடிப்பது அந்த முனையைத்தான். ஆகையால் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்; துணியில் ஒற்றி நிழலில் உலர்த்த வேண்டும்; எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல் கொடுக்க வேண்டும். ஈர முள்ளைக் காய்ந்த முட்களோடு ஒரே டப்பாவில் போட்டு மூடுவது பெரிய தவறு. மூடிய டப்பாவின் ஈரம் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கழுத்து அரிக்கும்படி துருப்பிடித்த முள்ளுக்குக் கூர் ஏற்றிப் பிரயோசனம் இல்லை. நடு மத்தியில் ஒடிந்து காலை வாரிவிடும்.

குழந்தைகள் நடமாடும் வீடு என்றால் முனையைத் தக்கையில் குத்தி, எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். மீனுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் முள் பேதம் பார்க்காது. முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் செதில், உள்ளே போனதைச் சுலபத்தில் வெளியே விடாது.

இந்த வித்தைக்கு இப்போது புது மவுசும் வந்திருக்கிறது. பாக் நீரிணையில் இழுவை மடியால் கடலடியை அரிக்கும் தொழிலைக் குறைக்கவேண்டி, 2017-ல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய் மதிப்பில், ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும் கொண்ட ஆழ்கடல் படகுகளுக்கு மாறச் செய்யும் திட்டம். ஆயிரங்கால் தூண்டில் என்றால் ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள். பரம்பரையாக மடி இழுத்தவர்கள் முள்ளைத் தொடும்போது, லட்சங்கள் பெறும் படகின் தலைவிதி, சில ரூபாய் பெறும் முள்ளின் முனையில் போய் நிற்கிறது!

பொழுது சாய்ந்தது. வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். பெரியவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அணியத்தில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண் முன் நிற்கிறது.

மறுநாள் வீடு திரும்பியதும் என்னையறியாமலே மனைவியின் தையல் பெட்டியைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஊசிகள் வழுக்கின.

சமையலறை வாசலில் நின்று பார்த்த என் மனைவி, "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டாள்.

கடற்கரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து இத்தனை நாள் நான் கேட்ட அதே கேள்வி!